லீடு மாத்தி வெச்சா வோல்ட் மாறுதுங்களே?

கேள்வி (பல்லடம்): தறி செட் இன்வெர்ட்டர் பேட்டரியில டிஜிட்டல் மல்டிமீட்டரோட சிவப்பு லீடை பிளஸ்ல வெச்சா 12.64 வோல்ட், மாத்தி வெச்சா −12.61. மைனஸ் வர்றது சரிங்க, 0.03 எங்க போச்சு?

பதில் 1: 20 வோல்ட் ரேஞ்சுல மீட்டர் துல்லியம் ±0.5%, அதோட கடைசி இலக்கத்துல 2 (அதாவது 0.02)னா 0.08 வரைக்கும் தள்ளாடலாமுங்க. பேட்டரியில தொடாம, மீட்டர் லீடுங்களோட ரெண்டு முனையையும் ஒண்ணா முட்ட வெச்சுப் பாருங்க. 0.00 வராம 0.01 நின்னா அது ஆஃப்செட், அதாவது மீட்டரோட பூஜ்யமே தள்ளி நிக்குது. ஒரு பக்கம் கூட்டும், மறுபக்கம் குறைக்கும், அதனால வித்தியாசம் இரட்டிப்பாத் தெரியும்.

பதில் 2: அதைவிட, இப்பத்தான் சார்ஜ் கழட்டுனீங்களா? அப்படின்னா வோல்ட் இறங்கிட்டேதான் இருக்கும். சில மணி நேரம் ஆறவிட்டு, முதல் பக்கம், மறுபக்கம், திரும்ப முதல் பக்கம்னு அளங்க. மூணாவது ரீடிங்கும் குறைஞ்சா மீட்டர் மேல தப்பில்லைங்க. டெர்மினல்ல பூத்திருக்கிற வெள்ளையைச் சுரண்டிட்டு ஈயத்துலயே முனையை அழுத்துங்க.

பதில் 3: முள்ளு மீட்டர்ல மட்டும் இந்தச் சோதனை வேண்டாங்ணா, முள்ளு பின்னால அடிச்சு வளைஞ்சுபோகலாம்.