பழைய ஸ்டில் 070, ஹோம்லைட் செயின்சா: சென்னையில் உதிரி பாகம் எங்கே கிடைக்கும்?

மாதவரம் குடோன்:

எல்லோருக்கும் வணக்கம். பெரியப்பா வால்டாக்ஸ் சாலையில் மரக்கடை வைத்திருந்தார். கடை இப்போது இல்லை, மாதவரம் குடோனில் இரண்டு செயின்சா மட்டும் மிச்சம். ஒன்று ஸ்டில் 070, சி.பி. பாயிண்ட் (இன்ஜின் சுற்றச் சுற்ற திறந்து மூடிப் பொறியை வரவைக்கும் தொடுமுனை) வைத்த பழைய மாடல். இன்னொன்று ஹோம்லைட் எக்ஸ்எல்-12, எங்கிருந்து வந்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

070 கடைசியாக ஓடியது 2016 டிசம்பரில், வர்தா புயலில் தெருவெல்லாம் விழுந்து கிடந்த மரங்களை அறுத்தபோது. அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. கயிறு இழுத்தால் இன்ஜின் சுற்றுகிறது, ஜாம் ஆகவில்லை. பிளக்கில் பொறி சில சமயம் மங்கலாக வருகிறது, பல சமயம் வருவதே இல்லை. பிளக் ஓட்டையில் கொஞ்சம் பெட்ரோல் விட்டு இழுத்தபோது ஒரே ஒரு தடவை படபடவென்று ஓடி உடனே நின்றுவிட்டது. ஹோம்லைட்டில் பொறி நன்றாக இருக்கிறது, ஆனால் சைலன்ஸரைக் கழற்றிப் பார்த்தால் பிஸ்டனில் செங்குத்தாகக் கோடு கோடாகக் கீறல்.

ஒரு கடையில் காட்டினேன், திறந்துகூடப் பார்க்காமல் பிஸ்டன், சிலிண்டர், காயில், கார்புரேட்டர் எல்லாம் மாற்ற வேண்டும் என்றார்கள். இன்னொரு இடத்தில் "இதெல்லாம் மியூசியத்துல வைக்க வேண்டியது சார்" என்று புது மிஷின் விலைப்பட்டியலை நீட்டினார்கள். இணையத்தில் 070க்கு சீனத் தயாரிப்பு சிலிண்டர் கிட் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கிப் போட்டுவிடலாமா? விற்கிற எண்ணம் இல்லை, ஓட வேண்டும், அவ்வளவுதான்.

---

டூஸ்ட்ரோக் பிரியன்:

கிட் வாங்காதீர்கள், இப்போதைக்கு எதுவுமே வாங்காதீர்கள். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் 070இல் இரண்டு தனித்தனிக் கோளாறு இருக்கிறது, ஒன்று பொறி, இன்னொன்று பெட்ரோல் வராதது, இரண்டுக்குமே சிலிண்டர் காரணம் இல்லை. முதலில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பாருங்கள். கேஜ் இருந்தால் 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் காட்டினால் இப்போதைக்குக் கவலை இல்லை. கேஜ் இல்லையென்றால் மிஷினை ஸ்டார்ட்டர் கயிற்றில் தொங்கவிடுங்கள், விட்டு விட்டு மெதுவாக இறங்கினால் சரி, சரசரவென்று இறங்கினால் ரிங் தேய்ந்திருக்கிறது.

பொறிக்கு வருவோம். பாயிண்ட் மேக்னெட் சக்கரத்துக்கு அடியில் இருக்கும். சக்கரத்தைப் புல்லர் போட்டுத்தான் எடுக்க வேண்டும், ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து நெம்பினால் இறக்கை உடையும், அப்புறம் உதிரி பாகத்துக்கு உண்மையிலேயே அலைய வேண்டியிருக்கும். இத்தனை வருடம் சும்மா கிடந்த பாயிண்டின் முனையில் பச்சையோ கறுப்போ பூத்திருக்கும், மெல்லிய உப்புத்தாளை நடுவில் வைத்து இழுத்து, பிறகு தின்னரில் தோய்த்த அட்டைத் துண்டால் துடைத்துவிடுங்கள். முழுதாகத் திறந்த நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.4 மி.மீ. பிளக்கில் 0.5. பாதி மிஷின் இந்த இடத்திலேயே உயிர் பெற்றுவிடும்.

அப்படியும் பொறி மங்கலாக இருந்தால் அடுத்த சந்தேகம் கன்டென்சர், பாயிண்டோடு சேர்ந்திருக்கும் சின்ன மின் பாகம். அதற்கு ஸ்டில் பெட்டியில் வந்ததுதான் வேண்டும் என்று இல்லை. பாயிண்ட் வைத்த பழைய டூவீலர் கன்டென்சர் எதுவாக இருந்தாலும் 0.2 மைக்ரோஃபாரட் பக்கத்தில்தான் இருக்கும், வேலை செய்யும். புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ எஸ்டி (Yezdi), புல்லட் பைக் சாமான் வைத்திருக்கிற கடையில் கேளுங்கள். உள்ளே இடம் பற்றாவிட்டால் வயரை நீட்டி வெளியே பொருத்தலாம், பாடியில் எர்த் நன்றாகப் பிடிக்க வேண்டும். காயில் கடைசி. இதற்கிடையில் ஸ்டாப் சுவிட்ச் வயரைக் கழற்றிவிட்டு ஒரு தடவை இழுத்துப் பாருங்கள், அந்த வயர் தோல் உரிந்து பாடியில் உரசிக்கொண்டிருந்தாலும் இதே அறிகுறிதான் வரும்.

பெட்ரோல் வராததற்குக் காரணம் அநேகமாக டயாஃப்ரம், கார்புரேட்டருக்குள் ஆடுகிற மெல்லிய சவ்வு. அதில் இருப்பது டில்லாட்சன் எச்எல் வகை கார்புரேட்டர், டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும் பம்பும் அதற்குள்ளேயே இருக்கிறது, கிராங்க்கேஸில் மாறி மாறி வரும் அழுத்தம்தான் அந்த பம்பை ஆட்டுகிறது. டயாஃப்ரம் காய்ந்து அப்பளமாக விறைத்திருந்தால் ஆடாது. ரிப்பேர் கிட் இன்னமும் தயாரிப்பில் இருக்கிறது, கார்புரேட்டர் பாடியில் குத்தியிருக்கும் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், மிஷின் பெயரைச் சொன்னால் வேறு எதையாவது கொடுத்துவிடுவார்கள். பிரிக்கும்போது ஒவ்வொரு அடுக்கையும் போட்டோ எடுத்து வையுங்கள். கேஸ்கெட் திரும்பி உட்கார்ந்து அழுத்தம் வருகிற சின்ன ஓட்டையை மூடிவிட்டால் நாள் முழுக்க இழுத்தாலும் ஒரு சொட்டு ஏறாது.

---

லேத் பட்டறை, அம்பத்தூர்:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் ஓட ஆரம்பித்த பிறகுதான் உண்மையான ஆபத்து. கிராங்க் ஆயில் சீல் இரண்டும் இவ்வளவு காலத்தில் கல்லாகியிருக்கும், அது வழியாக வெளிக்காற்று உள்ளே போகும், கலவையில் பெட்ரோல் குறைந்துபோய் பிஸ்டன் சூடாகிப் பிடித்துக்கொள்ளும். உங்கள் ஹோம்லைட் பிஸ்டன் கீறலுக்கும் இதே கதையாக இருக்கலாம். ஐட்லிங் ஏறி இறங்கி அலைந்தாலோ, ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் வேகம் குறையாமல் கத்தினாலோ உடனே நிறுத்துங்கள்.

சீல், பேரிங் இரண்டுக்கும் பிராண்ட் பெயர் தேவையே இல்லை. சீலின் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றையும் வெர்னியரில் அளந்து எழுதிக்கொண்டு லிங்கிச் செட்டித் தெருவில் பேரிங் கடைகளில் ஏறி இறங்குங்கள். ரப்பர் வைட்டானாக இருந்தால் நல்லது, இன்றைய பெட்ரோலுக்கு அதுதான் தாங்கும். பேரிங் பக்கவாட்டில் எண் இருக்கும், அதோடு சி3 என்று இருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள். உள்ளே கொஞ்சம் தளர்வு அதிகம் என்று அர்த்தம், சூடாகிற இன்ஜினுக்கு அது வேண்டும், கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான்" என்பார், ஒன்றில்லை.

இன்னொரு விஷயம், எங்களிடமே நிறையப் பேர் சிலிண்டரைக் கொண்டுவந்து போர் போட்டு, அதாவது உள்ளே கடைந்து அகலமாக்கிக் கொடுங்கள் என்கிறார்கள். எஸ்டி, புல்லட் மாதிரி வார்ப்பிரும்பு சிலிண்டர் என்றால் போடலாம். இந்த இரண்டு செயின்சாவிலும் அலுமினியச் சிலிண்டர், உள்ளே மெல்லிய குரோம் பூச்சு. போர் போட்டால் பூச்சு போய்விடும், கதை முடிந்தது. எவனாவது சரி என்று வாங்கி வைத்தால் கையோடு திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

---

சூளை சின்னவர்:

ஹோம்லைட் சிலிண்டரில் பிஸ்டன் அலுமினியம் ஒட்டியிருந்தால் பாத்ரூம் கழுவுகிற ஆசிட் ஊற்றுங்கள் அண்ணா, நுரைத்துக்கொண்டு வந்துவிடும். யூடியூபில் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

---

லேத் பட்டறை, அம்பத்தூர்:

தம்பி, அவர்கள் செய்வது பெரும்பாலும் நிகாசில் (நிக்கல் கலந்த) பூச்சு உள்ள புதிய சிலிண்டரில். ஹைட்ரோகுளோரிக் ஆசிட் குரோமையே கரைக்கும், பழைய குரோமை உரித்தெடுக்க பிளேட்டிங் பட்டறையில் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். குரோம் சிலிண்டர் என்றால் காஸ்டிக் சோடா கரைசலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, ஒட்டியிருக்கும் இடத்தில் மட்டும் வையுங்கள், போர்ட் (சிலிண்டர் சுவரில் கலவையும் புகையும் போய்வரும் ஓட்டை) ஓரத்தில் தெரியும் வெறும் அலுமினியத்தில் பட்டால் அதையும் தின்னும். கையுறை, கண்ணாடி கட்டாயம். பிறகு நிறையத் தண்ணீர், உடனே எண்ணெய். கொஞ்சம்தான் ஒட்டியிருக்கிறது என்றால் உப்புத்தாளும் பொறுமையும் போதும்.

---

எஸ்டேட் மேஸ்திரி:

பல வருடம் குடகிலும் இடுக்கியிலும் மரம் அறுத்த ஆள் நான், இப்போது மகன் வீட்டோடு பள்ளிக்கரணையில். 070 நம் பக்கத்துக் காட்டு வேலைக்குக் குதிரை மாதிரி. அதனால்தான் சீனாக்காரன் அதையே நகல் எடுத்து இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறான். 58 மி.மீ. போர், 40 மி.மீ. ஸ்ட்ரோக், கிட்டத்தட்ட 106 சி.சி., நகல் பாகம் அநேகமாக அப்படியே உட்காரும். ஸ்டார்ட்டர், டேங்க் மூடி, கைப்பிடி, கிளட்ச் டிரம் இதெல்லாம் நகலே போதும். பிஸ்டன், சிலிண்டர் நகலில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் போர்ட் ஓரங்களை விரலால் தடவிப் பாருங்கள், கூராக இருந்தால் ரிங் மாட்டி உடையும், மெல்லிய உப்புத்தாளில் மழுக்க வேண்டும். அதோடு வருகிற, பிஸ்டன் பின்னைப் பிடித்து வைக்கும் சர்க்ளிப் வளையத்தைத் தூக்கி எறிந்துவிட்டு நல்லதாக வேறு போடுங்கள். அது கழன்று விழுந்தால் புது சிலிண்டர் குப்பைக்குத்தான். டயாஃப்ரம் மட்டும் நகல் வேண்டவே வேண்டாம். சென்னையில் கிடைக்காததை கேரளாவில் பெரும்பாவூர் பக்கம் விசாரியுங்கள், அங்கே பிளைவுட் கம்பெனிகள் அதிகம், மர வேலையும் அதிகம், செயின்சா சாமான் புழக்கமும் அப்படியே.

ஹோம்லைட் வேறு சமாச்சாரம். அந்தப் பெயரில் பிற்பாடும் சாமான் வந்தது, ஆனால் கம்பெனி கைமாறி கைமாறிப் போய்விட்டது, பழைய எக்ஸ்எல்-12க்கு அங்கே ஒன்றும் கிடைக்காது. அமெரிக்காவில் பழைய மிஷினைப் பிரித்து விற்கிறவர்களிடம்தான் வாங்க வேண்டும், பாகத்தின் விலையைவிட அனுப்புகிற செலவும் சுங்க வரியும் சில சமயம் அதிகமாகும். பிஸ்டன் விட்டம் ஒன்றே முக்கால் அங்குலம். திருகுகள் அத்தனையும் அங்குலப் புரி, கையில் இருக்கிற மெட்ரிக் போல்ட்டைத் திணித்தால் புரி போய்விடும். பாடி மக்னீசியம் வேறு. புரி போன இடத்தில் ஓட்டை போட்டு ஹெலிகாயில் (புதுப் புரி தரும் கம்பிச் சுருள்) வைக்கும்போது துருவல் தீப்பிடிக்கும், அதில் தண்ணீர் ஊற்றவே கூடாது, பக்கத்தில் காய்ந்த மணல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் 070இல் காசைப் போடுங்கள், ஹோம்லைட்டைத் துடைத்து எண்ணெய் விட்டு வையுங்கள், அவசரம் ஒன்றுமில்லை.

பெட்ரோல் பற்றி யாரும் சரியாகச் சொல்லவில்லை. பங்கில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, பழைய ரப்பர் குழாயை ஊதவைத்து இளக்கிவிடும், நம் ஊர்க் காற்றில் இருக்கிற ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். குழாயை மாற்றுங்கள். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். ஆயில் கலவை, நல்ல டூஸ்ட்ரோக் ஆயில் என்றாலும் இந்த வயதுக்கு லிட்டருக்கு 40 மில்லி ஊற்றுங்கள், அதாவது 25க்கு 1. புதிய மிஷினுக்குச் சொல்கிற 20 மில்லி கணக்கைக் கேட்காதீர்கள். புகை கொஞ்சம் வரும், பரவாயில்லை.

---

மாதவரம் குடோன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கம்ப்ரஷன் 130 காட்டுகிறது. பாயிண்டைத் துடைத்து இடைவெளி வைத்ததும் பொறி நீலமாக வருகிறது, கன்டென்சர் மாற்றவே இல்லை. டயாஃப்ரம் நீங்கள் சொன்ன மாதிரியே விறைத்துப்போயிருந்தது, கிட் சொல்லியிருக்கிறேன், அது வருவதற்குள் சீல் அளவெடுத்துக்கொண்டு லிங்கிச் செட்டித் தெருவுக்குப் போகிறேன். சீன கிட் வாங்கவில்லை.

இரண்டு சந்தேகம். கார்புரேட்டர் திருகு இரண்டையும் எங்கே வைத்து ஆரம்பிப்பது? செயின் துருப்பிடித்துவிட்டது, கடையில் பார் நீளம் மட்டும் சொன்னால் போதுமா?

---

எஸ்டேட் மேஸ்திரி:

திருகு இரண்டையும் மெதுவாக, இறுக்காமல் மூடி, ஒவ்வொன்றையும் ஒரு சுற்று திறந்து வையுங்கள். ஓடி, சூடான பிறகு நுணுக்கமாக வைக்கலாம். பெரிய வேகத்துக்கான திருகை மட்டும் சத்தம் இனிமையாக இருக்கிறது என்று மூடிக்கொண்டே போகாதீர்கள், பெட்ரோல் குறைந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

பார் நீளம் மட்டும் போதாது. 070இல் பெரும்பாலும் .404 அங்குலப் பிட்ச் (செயின் கண்ணிகளின் இடைவெளி அளவு), 1.6 மி.மீ. கேஜ் (பாரின் பள்ளத்தில் ஓடும் பல்லின் தடிமன்) இருக்கும், உங்கள் பாரின் அடிப்பகுதியில் பொறித்திருக்கிறதா என்று பார்த்து உறுதி செய்யுங்கள். பழைய செயினில் உள்பக்கம் பல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற டிரைவ் லிங்க் எத்தனை என்று எண்ணி, அந்த எண்ணிக்கையைச் சொல்லி வாங்குங்கள். ஸ்ப்ராக்கெட்டில் பள்ளம் விழுந்திருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள், இல்லாவிட்டால் புது செயினைத் தின்றுவிடும். தீட்ட 5.5 மி.மீ. உருண்டை அரம்.

அந்த மிஷினில் செயின் பிரேக் கிடையாது, அதிர்வு தாங்கும் ரப்பரும் கிடையாது, எடை பத்து கிலோவுக்கு மேல். பாரின் நுனியின் மேல்பாதி மரத்தில் பட்டால் முகத்துக்கு நேராகத் தூக்கி அடிக்கும். முதல் அறுப்பைத் தரையில் கிடக்கிற கட்டையில் போடுங்கள், பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்திக்கொள்ளுங்கள், ஆனால் அவர் எட்டியே நிற்கட்டும்.