கோழிக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் பினாங்கில் யாராவது உண்டா?

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. ஆயர் ஈத்தாமில் இருக்கிறோம். எங்கள் செவலைக்கு மூன்று வயது. குழம்புக்கு வளர்த்த கோழி அல்ல, வீட்டுப் பிள்ளை மாதிரி.

மூன்று வாரமாக முட்டை இல்லை. அதற்கு முன் இட்டதெல்லாம் ஓடு இல்லாத தோல் முட்டை. இப்போது வயிறு தண்ணீர் நிரப்பிய பலூன் போல வீங்கி, பெங்குவின் மாதிரி நிமிர்ந்து நிற்கிறாள். முட்டை அடைத்திருக்கும் என்று வெதுவெதுப்பான நீரில் உட்கார வைத்தேன், பலனில்லை. கிளினிக்கில் ஊசியால் நீர் எடுத்தார்கள், மஞ்சளாக வந்தது. மஞ்சள் கரு முட்டைக் குழாய்க்குள் போகாமல் வயிற்றுக்குள் விழுந்து புண்ணாகிவிட்டதாம். ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். இரண்டு நாள் நன்றாகத் தின்றாள், அப்புறம் மறுபடி வீக்கம்.

முட்டை உருவாவதையே சில மாதம் நிறுத்த டெஸ்லோரெலின் என்ற மருந்தைத் தோலுக்கடியில் வைப்பார்களாமே, அதை இங்கேயோ பட்டர்வொர்த் பக்கமோ யார் செய்கிறார்கள்? என்ன செலவாகும்? கோலாலம்பூர் பக்கம் செர்டாங்கில் இருக்கும் யுபிஎம் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்குக்கூடக் கொண்டுபோகத் தயார். ஆனால் நான்கு மணி நேரத்துக்கு மேல் காரில் தாங்குவாளா? இப்போதே மூச்சு வாங்குகிறது.

"அறுத்துவிட்டு வேறு வாங்கு" என்று சொல்ல என் மாமா ஒருவரே போதும். வலியில்லாமல் அனுப்பி வைப்பதுதான் சரி என்றால், கோழி வளர்த்தவர்கள் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.