லாகொம்: கொம்புக் கதையும் உண்மையான வேரும்

ஸ்வீடிஷ் படிக்கத் தொடங்கியதுமே எதிர்ப்படும் சொல் லாகொம். கூடாமல் குறையாமல், சரியான அளவில் என்று பொருள். தேநீர் நாக்கைச் சுடாமல், ஆறியும் போகாமல் இருந்தால் 'லாகொம் வார்ம்'. கூடவே ஒரு கதையும் வந்து சேரும். வைக்கிங்குகள் வட்டமாக உட்கார்ந்து தேன்மது நிரம்பிய கொம்பைக் கைமாற்றுவார்களாம். கடைசி ஆளுக்கும் மிஞ்சும்படி அளந்து குடிப்பார்களாம். 'லாகெத் ஓம்', அதாவது 'கூட்டத்தைச் சுற்றி' என்பதே லாகொம் ஆனதாம். தயவுசெய்து இதை இனிப் பகிராதீர்கள்.

பழைய வடிவம் 'லாகும்'. கடைசியில் நிற்கும் 'உம்' தனிச்சொல் இல்லை, வேற்றுமை உருபு. பழைய ஸ்வீடிஷின் நான்காம் வேற்றுமைப் பன்மை. 'லாக்' என்றால் சட்டம், முறை. 'முறைப்படி' என்றிருந்தது மெல்ல 'சரியான அளவில்' என்று ஆயிற்று. சட்டத்துக்கு ஏன் பன்மை? லாக், 'இடு, வை' என்னும் வினையோடு ஒரே வேர். ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியான பழைய நோர்ஸில் ஒருமையில் 'லாக்' என்றால் இட்டது, அடுக்கு. பன்மையில் 'லொக்' என்றால் சட்டம். இட்டு வைத்தவை எல்லாம் சேர்ந்ததுதான் சட்டம். அழகான சிந்தனை!

—

மேலே சொன்னதற்கு வலு சேர்க்க இன்னொரு சொல்: 'ஸ்டுண்டொம்', சில வேளைகளில். 'ஸ்டுண்ட்' என்றால் பொழுது. அதே உருபுதான் இங்கும். கொம்புக் கதையால் இதை விளக்கவே முடியாது. பொது ஸ்வீடிஷில் அந்த வேற்றுமை மறைந்துவிட்டது. ஸ்வீடனின் டாலர்னா வட்டாரத்து எல்வ்டாலன் பேச்சில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

—

நீங்களே சரிபார்க்க: ஸ்வென்ஸ்கா டாட் எஸ்இ தளத்தில் மூன்று அகராதிகள் ஒன்றாக வரும். எஸ்ஏஓஎல் எழுத்துக்கூட்டலுக்கு, அதில் வேர் தேடாதீர்கள். எஸ்ஓ சுருக்கமான வரலாறும் முதல் பதிவின் காலமும் தரும். ஆழமாகப் பார்க்க எஸ்ஏஓபி. 1898இல் முதல் தொகுதி, 2023இல் நிறைவு. அதில் தலைச்சொல்லை ஒட்டி வரும் சதுர அடைப்புக்குறிக்குள்தான் வேர். 'எஃப்எஸ்வி' என்றால் பழைய ஸ்வீடிஷ். பலர் தவறுவது 'ஜேஎஃப்ஆர்' என்ற குறியில். அது 'ஒப்பிடுக' என்று மட்டுமே சொல்கிறது. அதற்குப் பின் வரும் ஜெர்மன் சொல்லைத் தாய் என்று எடுத்துக்கொண்டால் உடன்பிறப்பைப் பெற்றவளாக்கிவிடுவீர்கள். ஐயம் தீராவிட்டால் ஹெல்குவிஸ்டின் 1922 வேர்ச்சொல் அகராதி ரூனெபெர்க் என்னும் இணைய நூலகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.