வானுக்குப் பின்னால் சைக்கிள் கட்டிப் போன கதை: உங்களுடையதையும் சொல்லுங்கள்

கல்லடிக்காரன்:

போன வருடம் என் பழைய டொல்பின் வானின் (டொயோட்டா ஹைஏஸ்) பின் இருக்கைகளைக் கழற்றி, பலகை அடித்து, மெத்தை போட்டு, காஸ் அடுப்பும் வைத்துப் 'படுக்கை வான்' ஆக்கினேன். ஆள் படுக்க இடம் வந்தது, சைக்கிளுக்கு இருந்த இடம் போய்விட்டது. சைக்கிள் இல்லாத பயணத்தில் எனக்கு ருசி இல்லை. வானை மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் ஒரு மரநிழலில் விட்டுவிட்டு, பட்டிருப்புப் பாலத்தால் மேற்கே படுவான்கரைக்குக் கடந்து, வயல் வீதிகளில் விடிய விடிய மிதிக்கத்தானே இந்தக் கூத்தெல்லாம்.

மச்சான் ஒருவர் வெளிநாட்டிலிருந்து ஒரு பட்டிக் கரியர் கொண்டுவந்து தந்தார். பின் கதவின் விளிம்புகளில் ஆறு கொக்கியைக் கொழுவி, பட்டியை இழுத்து இறுக்க வேண்டும். அவ்வளவுதான். கட்டி முடித்து இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. பொத்துவிலுக்கு வெளிக்கிட்டாயிற்று.

களுதாவளை தாண்டியதும் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் ஹோர்ன் அடித்துக்கொண்டே வந்தது. முந்தட்டும் என்று ஒதுங்கிக் கொடுத்தேன், முந்தவில்லை. அவசரக் குடுக்கை என்று மனதுக்குள் திட்டினேன். கோட்டைக்கல்லாறு வரை அதே ஹோர்ன். கடைசியில் பக்கத்தில் வந்து, பின்னால் இருந்த பொடியன் கையைக் காட்டினான். இறங்கிப் பார்த்தால், ஒரு பட்டியின் வால் கழன்று றோட்டில் இழுபடுகிறது. முன் சில்லைக் கட்டாமல் விட்டதில் ஹாண்டில் கிறுகி, சில்லு வலப்பக்கமாக முழங்கை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறது. கதவில் ஒரு சாண் நீளத்துக்குப் பெயின்ற் இல்லை.

"அண்ணன், உங்கட சைக்கிள் என்னை ரெண்டு தரம் குத்த வந்திட்டு" என்றார் மோட்டார் சைக்கிள்காரர். கோபமில்லாமல்தான் சொன்னார். எனக்குத்தான் முகம் கொடுக்க ஏலாமல் போனது.

பிறகுதான் அளந்தேன். வானின் அகலம் ஏறத்தாழ 170 சென்ரிமீற்றர். என் சைக்கிளின் நீளம் 180. கடைப் பொடியன் போடும் கணக்கு, வெளிக்கிட முன் எனக்கு ஓடவில்லை. முன் சில்லைக் கழற்றி உள்ளே மெத்தையில் போட்டுவிட்டுத்தான் மீதி வழி போனேன். பக்கக் கண்ணாடியில் பின்னால் வரும் வாகனம் தெரியும், என் வானின் முதுகு தெரியாது பாருங்கள்.

இன்னொன்று. டொல்பினின் பின் கதவு மேலே தூக்கித் திறப்பது. அடுப்பும் தேயிலைப் பேணியும் இருப்பது அந்தக் கதவடியில். அறுகம்பையில் இருட்டினபிறகு ஒரு பிளேன்ரீ குடிக்க ஆறு பட்டியையும் கழற்றினேன்.

உங்களுக்கு என்ன நடந்தது?

சாய்ந்தமருது வெல்டிங்:

அண்ணன், கதவில் கொழுவினதே பிழை. அந்தக் கதவைச் செய்தது திறந்து மூட, சுமக்க அல்ல. அந்தப் பட்டிக் கரியர்களுக்கு அநேகமாக சைக்கிள் ஒன்றுக்கு 15 கிலோ என்றுதான் கணக்கு. நம்மட ஆட்களின் பெரிய சைக்கிள், அதன் கரியர், ஸ்டான்ட், மட்காட் எல்லாம் சேர்த்து 20 கிலோவுக்கு வரும். வான் நிற்கும்போதுதான் 20. வேகத்தடையில் ஏறி விழும்போது பின் சில்லுக்கும் அங்கால் தொங்குகிற பாரம் துள்ளும், அந்த அடியைக் கதவின் பிணைச்சல்தான் வாங்கும். புது வான்களில் மேல் விளிம்பு பிளாஸ்டிக், கொக்கி போட்ட இடம் வெடித்துப்போய் என்னிடம் வந்திருக்கிறது.

சேசிஸில் இரும்பைப் பிடித்து, பக்கவாட்டில் திறக்கிற கை ஒன்று வைத்தால் கதவும் திறக்கும், உங்களுக்கு பிளேன்ரீயும் கிடைக்கும்.

சைலன்சர் வாய் எந்தப் பக்கம் என்று பார்த்தீர்களா? ஒரு தம்பி புது சைக்கிளைத் தாழ்வாகக் கட்டிக்கொண்டு மகாஓயா வரை போய்விட்டு வந்தார். பின் ரயரில் ஒரு பக்கம் அப்படியே இளகிப் பொங்கியிருந்தது. ரியூப்பும் போச்சு. சைக்கிள் விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்று ஒரு கிழமை சண்டை பிடித்திருக்கிறார் மனுசன்.

நாவற்குடாத் தம்பி:

என்னை ஒரு சந்தியில் பொலிஸ் மறித்தார்கள். ஓட்டம் சரி, லைசன் சரி. இலக்கத்தகடு எங்கே என்று கேட்டார்கள். சைக்கிளின் சில்லுக்குப் பின்னால்தான் இருந்தது. இடது சிக்னல் லைட்டைப் பெடல் மறைத்திருந்ததையும் அவர்தான் காட்டினார். இதற்கு நான் என்னத்தைப் பேச?

சுவிஸ் மட்டக்களப்பான்:

இங்கே அதற்கென்றே லைட்டும் இலக்கத்தகடு வைக்கும் இடமும் உள்ள கரியர் வருகிறது, வயரை வண்டியில் செருகினால் சரி. இத்தாலிக்கோ ஸ்பெயினுக்கோ போனால் இன்னொன்றும் வேண்டும்: 50க்கு 50 சென்ரிமீற்றரில் சிவப்பும் வெள்ளையும் சரிவாகக் கோடு போட்ட தகடு, நீட்டிக்கொண்டிருக்கும் சைக்கிளின் பின்னால். முதல் தடவை அது இல்லாமல் புறப்பட்டு, எல்லைக்கு இந்தப் பக்கம் பெற்றோல் செட்டில் வாங்கினேன்.

எங்கள் கணக்கையும் சொல்கிறேன். வண்டியின் இழுவைக் கொக்கி தாங்குவது 75 கிலோ. கரியரே 17. பற்றரி சைக்கிள் இரண்டும் 50. மிச்சம் 8 கிலோதான். பற்றரிகளைக் கழற்றி உள்ளே வைத்தால் ஐந்தாறு கிலோ குறையும், மழைத் தண்ணியும் படாது.

திருக்கோவில் அக்கா:

நீங்களெல்லாம் இரும்புக் கதை சொல்கிறீர்கள். நான் யானைக் கதை சொல்கிறேன்.

கதிர்காமத்துக்குப் போனோம். மொனராகலை, புத்தலை தாண்டிக் காட்டுப் பாதை. அந்தப் பாதையில் யானை வாகனத்தை மறித்துச் சாப்பாடு கேட்பது போகிறவர்களுக்குத் தெரியும். அதனால் கண்ணாடியெல்லாம் ஏற்றி, சாப்பாட்டுச் சாமானைச் சீட்டுக்கு அடியில் ஒளித்துவிட்டோம். யானை வந்தது. முன் கண்ணாடியால் எட்டிப் பார்த்தது, பக்கத்தால் நடந்து பின்னால் போனது. சரி, ஆபத்து கடந்தது என்று என் வீட்டுக்காரர் மூச்சு விட்டார். அப்போது கிணிங், கிணிங் என்று சைக்கிள் மணி அடிக்கிறது. மகள் "அம்மா, யானை பெல் அடிக்குது" என்றாள். ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

அவர் வானை மெல்ல எடுத்தார். கொஞ்சத் தூரம் போனதும் பின்னால் வந்த லொறிக்காரர் லைட் அடித்து நிறுத்தி, "ஹாண்டிலில் என்ன கொழுவி வைச்சிருந்தீங்க?" என்று கேட்டார். முருகனுக்கென்று வாங்கின கதலிக் குலை. உள்ளே இடமில்லை என்று நான்தான் அங்கே கொழுவினேன், மறுகா மறந்துவிட்டேன். ஹாண்டில் கொஞ்சம் வளைந்தது, வேறு சேதம் இல்லை. இப்போதும் அந்த சைக்கிள் இடது பக்கம் இழுக்கும்.

கல்லடிக்காரன்:

அக்கா, அந்த மணி இன்னும் இருக்கிறதா? வெல்டிங் காக்கா, வெள்ளிக்கிழமை வானைக் கொண்டு வரவா?

சாய்ந்தமருது வெல்டிங்:

வெள்ளி கடை பூட்டு. சனி காலமே வாங்க. அளவு எடுக்க வேணும், சைக்கிளையும் கொண்டு வாங்க.

கல்லடிக்காரன்:

எதில் கொண்டு வாறது காக்கா?

சாய்ந்தமருது வெல்டிங்:

மகனை மிதிச்சு வரச் சொல்லுங்க. 40 கிலோமீற்றர்தானே.