பதினேழாம் தேதியே கணக்கு காலி. கையில் காசாக எடுத்து வைத்தால் நிற்குமா?

மல்லிகைக்கொடி (சுங்கை சிப்புட்)

வணக்கம். இன்று 17ஆம் தேதி, கணக்கில் 83 வெள்ளிதான் (ரிங்கிட்) இருக்கிறது. வீட்டுக்காரர் செம்பனை ஆலையில் வேலை, நான் பாலர் பள்ளியில். இரண்டு சம்பளமும் சேர்ந்தால் கைக்கு 3,600 வெள்ளி சொச்சம் வரும். வீட்டுத் தவணை, கார் தவணை, கரண்டு, தண்ணீர், பள்ளி வேன் எல்லாம் போக 1,500 நிற்க வேண்டும். நிற்கத்தான் செய்கிறது, அப்புறம் எப்படிக் கரைகிறது என்றுதான் புரியவில்லை. நேற்று ராத்திரி உட்கார்ந்து வங்கிச் செயலியைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். 6.50, 12, 4.80, 23.90, மறுபடி 6.50. ஒரே செவ்வாய்க்கிழமையில் ஏழு தடவை ஸ்கேன் செய்திருக்கிறோம். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) அப்பம் பாலிக் பலகாரம் விற்கிறவர்கூட கியூஆர் அட்டையைத் தொங்கவிட்டிருக்கும்போது யாருக்குத்தான் கை நிற்கும்?

அடுத்த மாதம் அந்த 1,500ஐ அப்படியே கையில் எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். வீட்டில் அவ்வளவு காசு வைத்திருப்பது நல்லதில்லை என்கிறார் அவர். யாராவது இதைச் செய்து பார்த்திருக்கிறீர்களா?

கித்தாக்காடு (பீடோங்)

நான்கு வருடமாகச் செய்கிறேன் தங்கச்சி. தீபாவளிக்குக் காசு வைத்துக் கொடுக்க வாங்கி மிஞ்சிய அங்பாவ் உறைகள் உங்கள் வீட்டிலும் கிடக்கும், அதுவே போதும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் 350 வெள்ளி எடுப்பேன். கடை சாமானுக்கும் மீன், காய்கறிக்கும் 200. இரண்டு மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் 50. வெளியில் பசியாறுவது, பசார் மாலாம் எல்லாம் சேர்த்து 60. பிள்ளைகள் கைச்செலவு 40, ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 வெள்ளி. உறையின் மேல் எதற்கு என்று எழுதிவிடுவேன். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் மிச்சம் எவ்வளவு என்று பென்சிலால் எழுதுவேன், அதை மட்டும் விடக் கூடாது.

ஒன்று சொல்கிறேன். 50 வெள்ளி நோட்டை மாற்ற மனசு வராது. அதன் பின்னால் நம் முதல் பிரதமர் துங்குவின் படமும் செம்பனை மரங்களும் இருக்கும், பார்த்திருப்பீர்கள். என் வீட்டுக்காரர் அந்த மரத்தில் குலை வெட்டித்தான் அதைச் சம்பாதிக்கிறார். போனில் தட்டும்போது அந்த நினைப்பே வராது.

எங்கள் அம்மா தோட்டத்து லயத்தில் இருந்தபோது கடைக்காரர் 555 என்கிற சின்னக் கணக்குப் புத்தகத்தில் கடன் எழுதுவார். சம்பளத்தன்று அம்மா அவர் எதிரில் நின்று ஒவ்வொரு வரியாகக் கூட்டுவார். ‘பிஸ்கட் 80 சென், இது எப்ப வாங்கினேன்?’ என்று கேட்பார். கடன்தான், ஆனாலும் ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்ல ஆள் இருந்தது. இப்போது நாம் வாங்குவதை யாரும் நம் எதிரில் வாசித்துக் காட்டுவதில்லை.

வேலிக்கல் (தெலுக் இந்தான்)

அக்கா சொல்வது சரி, ஆனால் எல்லாருக்கும் இது ஒத்துவராது. நாங்கள் மாதப் பணத்தை மொத்தமாக எடுத்து அலமாரியில் வைத்தோம். அவசரத்துக்கு ஒரு உறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி, மூன்றாம் வாரம் எந்த உறையில் எது என்றே தெரியாமல் போய்விட்டது. உங்கள் வீட்டுக்காரர் பயப்படுவதும் நியாயம்தான், திருட்டுப் போனால் வங்கியில் போய்க் கேட்க முடியாது. அதனால் 1,500ஐயும் ஒரே நாளில் எடுக்காதீர்கள், வாரா வாரம் எடுங்கள். உங்கள் வங்கியின் இயந்திரத்திலேயே எடுங்கள், வேறு வங்கி இயந்திரம் ஒவ்வொரு தடவைக்கும் 1 வெள்ளி பிடிக்கும்.

தவணை, கரண்டு, தண்ணீர் இவற்றைத் தொடவே வேண்டாம், கணக்கிலிருந்தே போகட்டும். ஒழுகுகிற இடம் சாப்பாடும் சில்லறைச் செலவும்தான், அதற்கு மட்டும் ரொக்கம். நான் இப்போது இன்னொரு வங்கிக் கணக்கு திறந்து வாரம் 300 மட்டும் அதற்கு அனுப்புகிறேன். அந்தக் கணக்கின் அட்டையைத்தான் வெளியே எடுத்துப் போகிறேன், தீர்ந்தால் தீர்ந்தது. ரொக்கம் வைக்கப் பயமிருந்தால் இதைச் செய்து பாருங்கள்.

மழைக்காலம் (ஈப்போ)

மல்லிகைக்கொடி, கிரெடிட் கார்டு இருக்கிறதா? நீங்கள் அதைப் பற்றி எழுதவில்லை, அதனால் கேட்கிறேன். இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். எனக்கு 6,000 வெள்ளி நிலுவை இருந்தது. குறைந்தபட்சக் கட்டணம் 5 விழுக்காடு, அதாவது 300 வெள்ளி. தவறாமல் கட்டுகிறோமே என்று நிம்மதியாக இருந்தேன். வட்டி ஆண்டுக்கு 18 விழுக்காடு, மாதம் 90 வெள்ளி அதற்கே போனது. மிச்சம் 210தான் கடனில் கழிந்தது, அதே மாதம் 250 வெள்ளிக்கு மறுபடி தேய்த்தேன். கட்டக் கட்டக் கடன் மாதம் 40 வெள்ளி ஏறிக்கொண்டே இருந்தது. ஒன்றரை வருடம் இதைக் கவனிக்கவே இல்லை.

நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏகேபிகே என்கிற கடன் ஆலோசனை நிறுவனம் இருக்கிறது, ஆலோசனைக்குக் காசு வாங்க மாட்டார்கள், ஈப்போவில் கிளை உண்டு. வெட்கப்படாமல் போங்கள். நான் போனேன்.

இன்னொன்று, கையில் காசு மிஞ்சினால் யாராவது கூட்டில், அதாவது சீட்டில், சேரச் சொல்வார்கள். வேண்டாம். 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி கூட்டைத் தொழிலாக நடத்துவதே குற்றம். பிடித்தவர் ஓடிவிட்டால் எங்கே போய்க் கேட்பீர்கள்?

மல்லிகைக்கொடி (சுங்கை சிப்புட்)

எல்லாருக்கும் நன்றி. கார்டு இல்லை, கடவுள் புண்ணியம். இந்த மாதம் மூன்று வாரம் செய்து பார்த்துவிட்டு இப்போது எழுதுகிறேன். முதல் வாரம் புதன்கிழமையே வெளிச்சாப்பாட்டு உறை காலி, கஷ்டமாகத்தான் இருந்தது. இரண்டாம் வாரம் வெள்ளிக்கிழமை காலை அதில் 8 வெள்ளி மிச்சம். மூன்றாம் வாரம் பசார் மாலாமில் சின்னவன் பொரித்த கோழி கேட்டான். உறையைப் பிரித்து அவன் கையிலேயே கொடுத்தேன். உள்ளே 11 வெள்ளி இருந்தது. எண்ணிப் பார்த்தான், கோழி விலையைப் பார்த்தான், மறுபடி எண்ணினான். அப்புறம், ‘அம்மா, அப்பம் பாலிக் மட்டும் போதும், அப்பாவுக்கும் ஒன்று வாங்கலாம்’ என்றான்.

இன்று 24ஆம் தேதி. கணக்கில் 412 வெள்ளி இருக்கிறது.