புதுப்பிப்பு: 31 வாரத்தில் பிறந்த மகள் ஏழு மாதமாகியும் உட்காரவில்லை என்று கேட்டிருந்தேனே

நேற்று குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் காட்டினோம். முதலில் கணக்குதான் போட்டார். ஒன்பது வாரம் முந்திப் பிறந்தவள். அதைக் கழித்தால் இன்னும் ஐந்து மாதம்கூட நிரம்பவில்லை. உட்காராதது பிரச்சினையே இல்லை. இரண்டு வயது வரை இந்தத் திருத்திய வயதைத்தான் பார்க்க வேண்டுமாம். இவ்வளவு நாளாக இதை யாரும் சொல்லவில்லையே என்று கோபம்தான் வந்தது.

அப்புறம் ஹாமர்ஸ்மித் பரிசோதனை, அதாவது குழந்தையின் நரம்பும் தசையும் எப்படி இயங்குகின்றன என்று பார்ப்பது. 26 அம்சங்கள், மொத்தம் 78 மதிப்பெண். கையைப் பிடித்து, துண்டு போர்த்துவதுபோல் மார்புக்குக் குறுக்கே இழுத்துப் பார்த்தார். வலது கை தளர்வாக வந்தது, இடது கை இறுகி நின்றது. அந்தக் கையில் கட்டைவிரலும் உள்ளே மடங்கியே இருக்கிறது. கிலுகிலுப்பையை இடப்பக்கம் நீட்டினாலும் வலது கைதான் குறுக்கே வருகிறது. நாங்களோ "சரியான வலதுகைக்காரி" என்று சிரித்துக்கொண்டிருந்தோம்! ஒரு வயதுக்குள் ஒரு கையை மட்டும் விரும்பினால், மற்ற கையில் பிரச்சினை இருக்கிறதா என்று கவனிக்க வேண்டுமாம்.

இடது கை இறுக்கத்துக்குக் காரணம் பார்க்க அடுத்த வாரம் மூளைக்கு எம்ஆர்ஐ ஸ்கேன். முடிவு வரும்வரை காத்திருக்காமல் பிசியோதெரபி இன்றே தொடங்கிவிட்டது. வாக்கர் கூடாது என்றார். அத்தை ஆசையாக வாங்கி வந்தது பரணுக்குப் போய்விட்டது.