அயர்லாந்தின் கவுண்டி (மாவட்ட) கேலிக் கால்பந்து சாம்பியன்ஷிப் பார்த்தவர்களே, மனத்தை விட்டு நீங்காத ஒரு தருணத்தைச் சொல்லுங்கள்

மழைக்காதலன் (கெர்ரி):

கில்லார்னிக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். கேலிக் கால்பந்து என்றால் என்னவென்று விளக்கப் போவதில்லை. சனிக்கிழமைக் காலையில் பிள்ளையைக் கிளப் மைதானத்தில் விட்டுவிட்டு மழையில் நிற்கும் உங்களுக்கு அது தெரியும். சென்ற ஆண்டு செப்டம்பரில் எங்கள் ஊர்க் கிளப் இடைநிலைப் பிரிவு ஆட்டமொன்றில் ஒரே ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. அறுபது நிமிடங்களும் முடிந்து, ரெஃபரி சேர்த்துக் கொடுத்த நேரமும் முடியப்போகும் தறுவாயில், எதிரணித் தடுப்பாட்டக்காரரின் கையில் பட்டுப் பந்து கடைக்கோட்டைத் தாண்டியது, அதற்கு 45 மீட்டர் கோட்டிலிருந்து ஒரு உதை தருவார்கள். 45 கிடைத்தது.

உதைக்க வந்தவர் எங்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவருபவர். நான் கோல் கம்பத்துக்குப் பின்னால், வெள்ளைக் கோட்டு அம்பயருக்கு ஐந்தடி தள்ளி நின்றிருந்தேன். பந்தைத் தரையில் வைத்தார், எடுத்தார், ஜெர்சியின் அடிப்பக்கத்தால் துடைத்தார், மறுபடியும் வைத்தார். அது நேராகத்தான் வந்தது. கடைசியில் ஒரு சாண் அளவு விலகிக் கம்பத்தின் வெளிப்புறத்தில் பட்டுத் தெறித்தது. அம்பயர் குனிந்து எடுக்கப்போன, புள்ளிக்கு அசைக்கும் வெள்ளைக் கொடியை அப்படியே விட்டுவிட்டு, புள்ளி இல்லை என்று இரண்டு கைகளையும் குறுக்காக அசைத்தார்.

மறுநாள் திங்கட்கிழமை எனக்கு ஒரு பதிவுத் தபால் வந்திருந்தது. கையெழுத்துப் போடும்போது எதையாவது சொல்லவேண்டும் என்று தோன்றி, "நேற்றுக் காற்று சதி செய்துவிட்டது" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்து, "காற்றே இல்லை" என்று சொல்லிவிட்டுப் பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஓராண்டு ஆகியும் அந்த இரண்டு சொற்கள் என்னை விடவில்லை.

கால்வே நாடோடி:

என்னுடையது 2020ஆம் ஆண்டின் அனுபவம். கொரோனாவால் அந்த ஆண்டு கிளப் ஆட்டங்களை முதலில் நடத்தி, கவுண்டி அணிகளின் ஆட்டங்களைப் பின்னால் தள்ளினார்கள் என்பது நினைவிருக்கும். ஆகஸ்ட் நடுவில் பார்வையாளர் எவரும் உள்ளே வரக்கூடாது என்று அரசு அறிவித்த பிறகு, ஊரே மதிலுக்கு வெளியே ஏணியிலும் டிரெய்லரிலும் ஏறி நின்றது. நான் ஏறிய டிரெய்லரில் ஒரு முதியவர் முன்பே இடம் பிடித்திருந்தார். தன் பேரன் ஆடுகிறான் என்றார். மதிலின் மேல் இரண்டு வரிசையாகக் கூழாங்கற்களை அடுக்கி, புள்ளிக்கு ஒரு கல், கோலுக்கு மூன்று கல் என்று கணக்கு வைத்துக்கொண்டிருந்தார். பேரன் கோல் அடித்தபோது அவர் கத்தவில்லை. சட்டைப்பையிலிருந்து மூன்று கற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கடைசி விசில் ஊதியதும் இரண்டு வரிசைகளையும் புறங்கையால் தள்ளிவிட்டார். யார் வென்றது என்பதுகூட இப்போது எனக்கு மறந்துவிட்டது. கற்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் விழுந்த சத்தம் மறக்கவில்லை.

அந்த ஆண்டுதான் மொய்கல்லன் கிளப் முதன்முறையாகக் கால்வே சீனியர் பட்டத்தை வென்றது. 2013 முதல் 2019 வரை தொடர்ந்து ஏழு முறை வென்ற கொரோஃபின் கிளப்பின் ஆட்சி அத்துடன் முடிந்தது. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் கவுண்டியில் ஏழு முறை வென்றாலும் அது தன் ஊர்ப் பிள்ளைகளைக் கொண்டு வென்றதுதான். கெர்ரியில் அப்படியில்லை, சிறிய கிளப்புகளின் நல்ல ஆட்டக்காரர்களையெல்லாம் திரட்டி வட்டார அணி என்று ஒன்றைக் கட்டி, அதற்குக் கோப்பையைக் கொடுக்கிறார்கள். சிறிய கிளப்பான ஃபொஸ்ஸாவின் நட்சத்திர ஆட்டக்காரர் டேவிட் கிளிஃபர்ட் வட்டார அணியான ஈஸ்ட் கெர்ரிக்கு ஆடினால், ஒற்றைக் கிளப்பாக எதிரே வருபவர்கள் என்ன செய்வார்கள்?

பழைய கோச் (டப்ளின்):

நானும் ஒரு 45ஐப் பார்த்திருக்கிறேன். பத்து வயதுப் பையன்கள் ஆட்டத்தில் என் மகனே எடுத்தான். பந்து பாதி தூரம்கூடப் போகவில்லை. அவ்வளவுதான்.

ஆனால் நண்பர் மழைக்காதலனுக்குச் சில யோசனைகள் சொல்லவேண்டும். முதலாவதாக, தோற்றவரிடம் திங்கட்கிழமை ஆட்டத்தைப் பற்றிப் பேசவே கூடாது. வியாழக்கிழமை வரை வானிலையைப் பற்றி மட்டும் பேசவேண்டும், அதிலும் காற்றைத் தவிர்க்கவேண்டும். இந்த ஆட்டத்தில் எவருக்கும் சம்பளம் கிடையாது என்பதால், ஆட்டத்தில் நடந்தது வேலையிடத்துக்கும் கூடவே வருகிறது. தபால்காரரிடம், பள்ளி ஆசிரியரிடம், பால் பண்ணைக்காரரிடம் ஊரே ஏதாவதொன்றைச் சொல்லியிருக்கும், நீங்கள் எத்தனையாவது ஆளோ. இரண்டாவதாக, கம்பத்துக்குப் பின்னால் சும்மா நிற்பதைவிட அம்பயராகவே போய் நில்லுங்கள்; சிறுவர் ஆட்டங்களுக்கு எப்போதும் ஆள் போதாது, கோட்டும் கொடிகளும் அவர்களே தருவார்கள். மூன்றாவதாக, உங்கள் பிள்ளைக்கு வாய்க்காப்பு இரண்டு வாங்கி வையுங்கள், ஒன்று எப்படியும் தொலையும், அது இல்லாமல் களத்தில் இறக்க மாட்டார்கள். நான்காவதாக, கிளப் நிதிக்கான லாட்டோ (குலுக்கல்) சீட்டு விற்க வருபவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். உடைமாற்றும் அறைக்கு வெந்நீர் அந்தப் பணத்தில்தான் வருகிறது. கடைசியாக ஒன்று: 2025இல் வந்த புதிய விதிப்படி 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து அடித்தால் இரண்டு புள்ளி அல்லவா? அந்த 45 இந்த ஆண்டு உள்ளே போயிருந்தால் வெற்றியே கிடைத்திருக்கும் என்று அவரிடம் சொல்லாதீர்கள்.

அர்மா அக்கா:

கோச் ஐயா, யோசனை சொல்லும் முன் விதியைச் சரியாகப் படியுங்கள். வளைவுக்கு வெளியே அடித்தால் ஆரஞ்சுக் கொடி, இரண்டு புள்ளி என்பது உண்மைதான். ஆனால் 45க்கு இப்போதும் ஒரே புள்ளிதான். தபால்காரர் உள்ளே அடித்திருந்தாலும் ஆட்டம் சமன்தான் ஆகியிருக்கும்.

என்னை விடாத 45 வேறு. 2023 ஜனவரி 22, டப்ளினின் குரோக் பார்க் மைதானம், அகில அயர்லாந்து கிளப் இறுதி. டெர்ரி சாம்பியன் கிளென் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்த நிலையில் கடைசி நிமிடத்தில் 45 கிடைத்தது. டப்ளின் சாம்பியன் கில்மகட் குரோக்ஸ் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொண்டிருந்தபோது வெளியேற வேண்டியவர்கள் வெளியேறாததால், பதினைந்து பேருக்கு மேல் களத்தில் இருந்தார்கள். நான் மேல் அடுக்கில் உட்கார்ந்து கோல் வாயிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணத் தோன்றவே இல்லை. வீட்டுக்கு வந்து, தொலைக்காட்சியில் காட்டியபோதுதான் எண்ணினேன். மறு ஆட்டத்துக்கு உத்தரவு வந்தது, குரோக்ஸ் மேல்முறையீடு செய்தது, கடைசியில் கிளென் தன் கோரிக்கையையே விலக்கிக்கொண்டது. அடுத்த ஆண்டு அதே மைதானத்தில் கிளென் பட்டம் வென்றபோது, நான் முழு நேரமும் தலைகளை எண்ணிக்கொண்டே இருந்துவிட்டு, வெற்றி கோல் விழுந்ததைப் பார்க்கத் தவறிவிட்டேன்.

மழைக்காதலன் (கெர்ரி):

கால்வே நண்பருக்கு ஒரு பதில். 2022இல் ஈஸ்ட் கெர்ரி கவுண்டிக் கோப்பையை வென்றாலும் வட்டார அணி மன்ஸ்டர் மாகாணக் கிளப் போட்டிக்குப் போகமுடியாது. கெரின்ஸ் ஓ'ராஹிலிஸ் கிளப் போய் மன்ஸ்டர் பட்டத்தையே வென்று வந்தது. வட்டார அணி இல்லையென்றால் சிறிய கிளப் பையன் ட்ரலீ நகர மைதானத்தில் பெரிய ஆட்டம் ஆடுவது எப்படி?

எங்கள் தபால்காரரும் சென்ற ஆண்டு அக்டோபரில் வட்டார அணியின் மாற்று ஆட்டக்காரராக ட்ரலீக்குப் போனார். பாதி ஆட்டத்துக்குப் பிறகு இறங்கினார். ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது, 45 மீட்டர் கோட்டுக்கு அருகிலேயே. அவர் பந்தை எடுத்து வேறொருவரிடம் நீட்டினார்.

நேற்றுத் தபால் வந்தபோது நான் கதவைத் திறக்கவில்லை. கடிதங்கள் துளை வழியாக விழுந்தன.